அரிக்கஞ்சட்டிக்குள் ஒரு கடற்கரை

திருநள்ளாற்றுக்கு வரும் சொந்தக்காரர்கள் நளதீர்த்தத்தில் முங்கி எழுந்து, ஈரத் தலையோடு காரைக்காலில் எங்கள் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்கள். ஐந்து கிலோமீட்டர்தானே. இலையை மடித்த கையோடு அடுத்த கேள்வி வரும்: “சாயந்திரம் எந்த பீச்சுக்குப் போகலாம்?”

போன மாசியில் கோயம்புத்தூரிலிருந்து வந்த தங்கை வீட்டுக்காரர் கேட்கக்கூட இல்லை. செல்போனில் பட்டியலே வைத்திருந்தார். தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி என்று வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம் போட்டு. “இதுல எது மச்சான் பெஸ்ட்?” என்று என்னிடம் நீட்டினார். ராத்திரிச் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்த பெரியம்மா உள்ளிருந்தே சொன்னார்: “எந்தக் கடக்கரைன்னு கேக்காதீங்க மாப்ள. எந்த மாசம், எந்த நேரம், ஆத்துவாய்க்கு எந்தப் பக்கம்னு கேளுங்க.”

பெரியம்மா கடல்நூல் எதுவும் படித்தவர் அல்ல. ஆனால் அவர் சொன்னதை விரித்து எழுதினால் அதுதான் கடற்கரை இயங்கும் விதம். கடற்கரை என்பது ஊர்ப்பெயர்ப் பலகை மாதிரி ஓரிடத்தில் நட்டுவைத்த பொருள் இல்லை. தினமும் அடுப்பில் இருக்கிற பண்டம் அது. நேற்று யாரோ ருசித்துப் போட்ட நட்சத்திரம் இன்றைய பதத்துக்குச் செல்லாது.

முதலில் மணல். எங்கள் வீட்டில் இன்னும் ஓர் அரிக்கஞ்சட்டி உண்டு. உட்புறம் வரிவரியாகக் கீறல் போட்ட மண்சட்டி. கல் கிடக்கிற அரிசியை அதில் போட்டு, நீர் விட்டுச் சுழற்றிச் சாய்த்தால் அரிசி நீரோடு மிதந்து அடுத்த பாத்திரத்துக்குப் போய்விடும். கனமான கல் வரிகளில் தங்கிவிடும். அலை கரையேறி இறங்கும்போது செய்வதும் இதே வேலைதான். வெள்ளை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், லேசானது. அதோடு கலந்து கிடக்கும் கருப்புத் துகள்கள் இல்மனைட், மேக்னடைட் போன்ற கனிமங்கள். குவார்ட்ஸைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். செம்புள்ளியாகத் தெரிவது கார்னெட். அலை இறங்கும்போது லேசானதை வாரிக்கொண்டு போகும், கனமானதை விட்டுவிட்டுப் போகும். மணலில் கோலம் போட்டது மாதிரி கருங்கோடு தெரிகிறதே, அது இப்படி அரித்து மிஞ்சியது.

“எண்ணெய் கொட்டிட்டாங்களா?” என்று அந்தக் கோட்டைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. சுளிக்க வேண்டாம், வாசியுங்கள். மேட்டுப்பக்கம் வரைக்கும் கருமணல் பட்டையாகக் கிடந்தால், சில நாள் முன்பு முரட்டு அலை வந்து வெள்ளை மணலை வழித்துக்கொண்டு போயிருக்கிறது என்று பெரும்பாலும் பொருள். கரை இன்னும் தேறவில்லை. பிள்ளைகளை இறக்குவதற்கு முன் இரண்டு தடவை யோசிக்கலாம்.

மணலின் பருமனும் பேசும். ரவை பரப்பிய தட்டில் நீர் ஊற்றினால் சட்டென்று உள்ளே இறங்கிவிடும். மைதா பரப்பிய தட்டில் மேலோடு வழிந்தோடும். கரட்டு மணல் கரையில் ஏறிவந்த அலைநீரில் பாதி மணலுக்குள்ளேயே இறங்கிவிடுவதால், திரும்பும் நீருக்கு மணலை இழுத்துப்போக வலு இல்லை. மணல் குவிந்து குவிந்து கரை செங்குத்தாகிவிடுகிறது. செங்குத்துக் கரையில் அலை கடைசி நிமிடம்வரை உடையாமல் வந்து, காலடியில் தொப்பென்று விழும். சன்ன மணல் கரையோ தாம்பாளம் மாதிரி தட்டையாக இருக்கும்; அலை தூரத்திலேயே உடைந்து நுரையாய் வழுக்கிக்கொண்டு வரும். கணுக்கால் அளவு நீரில் நின்று நாலு அடி உள்ளே வையுங்கள். நாலாவது அடியில் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டால் அந்த இடம் உட்கார்ந்து பார்க்க நல்லது, குளிக்க அல்ல.

அடுத்ததுதான் ஆளைக் கொல்வது. அதற்குப் பெரியம்மா கஞ்சி வடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கொதித்த சோற்றுப் பானையைத் தட்டு போட்டு மூடி, துணியால் பிடித்துச் சாய்ப்பார். தட்டுக்கும் பானை வாய்க்கும் நடுவே ஒரு சின்ன இடுக்கு இருக்கும். பானை முழுக்க நிற்கும் கஞ்சி அவ்வளவும் அந்த ஓர் இடுக்கை நோக்கித்தான் ஓடும். இடுக்கின் பக்கத்தில் கிடக்கும் பருக்கை எவ்வளவு ஒட்டிக்கொண்டிருந்தாலும் இழுபட்டு வெளியே விழும். பானையின் மறுபக்கத்துப் பருக்கை அசையவே அசையாது.

கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, நீருக்கடியில் கரைக்கு இணையாக ஒரு மணல்திட்டு ஓடும். தட்டு அதுதான். அலைகள் அந்தத் திட்டைத் தாண்டி நீரைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கின்றன. கொட்டிய நீர் திரும்பியாக வேண்டும். திட்டில் எங்கே பள்ளம் விழுந்திருக்கிறதோ அங்கே எல்லாம் ஒன்றுகூடிப் பாய்ந்து கடலுக்குள் போகும். பத்து இருபது மீட்டர் அகலம்தான் இருக்கும். மும்முரமான நாளில் நொடிக்கு இரண்டு மீட்டர் வேகம்கூட வரும். அதை எதிர்த்து நீந்தப் பதக்கம் வாங்கிய நீச்சல்காரராலும் முடியாது.

இதில் ஒரு பொல்லாத வேடிக்கை உண்டு. திட்டுக்கு மேலேதான் அலை உடைந்து நுரை தள்ளும். பள்ளம் விழுந்த இடத்தில் ஆழம் அதிகம் என்பதால் அலை உடையாது. ஆகவே இரண்டு பக்கமும் வெள்ளை நுரை இரைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு சந்து மட்டும் அமைதியாக, கொஞ்சம் இருண்டு, மேலே சிலுசிலுவென்று தெரியும். பிள்ளைகளோடு வந்தவர் எங்கே போய் இறங்குவார்? “இங்க அலையே இல்ல பாரு” என்று நேராக அந்த இடுக்குக்குள். கரையில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். நுரையோ, மிதக்கும் பூமாலையோ, கலங்கல் நீரோ ஓரிடத்தில் மட்டும் வெளியே போய்க்கொண்டிருந்தால் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். கடலுக்குள் நீளும் கல்கரையை ஒட்டியும், ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்திலும் இது அடிக்கடி உண்டு. தப்பித் தவறி மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டக் கூடாது. மிதந்துகொண்டே கையை உயர்த்திக் குரல் கொடுக்க வேண்டும். நீந்த முடிந்தால் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வந்து அதோடு கரையேற வேண்டும். இடுக்கு குறுகலானது என்பதுதான் இதில் நம் பக்கம் இருக்கிற ஒரே நியாயம்.

காரைக்கால் மாவட்டம் மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர். 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் தஞ்சை அரசரிடமிருந்து பெற்றது, 1954-ல் இந்தியாவிடம் வந்தது, இன்று புதுச்சேரியின் ஒரு துண்டாகத் தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கு நடுவே கிடப்பது. இந்தக் குட்டி நிலத்தின் கடலோரத்தில் நண்டலாறு, அரசலாறு, திருமலைராயனாறு என்று காவிரியின் கிளைகள் வரிசையாக வந்து விழுகின்றன. ஊருக்குள்ளிருந்து அரசலாற்றங்கரையோடு இரண்டு கிலோமீட்டர் நடந்தால் முகத்துவாரமும் கடற்கரையும் ஒன்றாகவே கண்ணில் படும். கோவாவிலோ கோவளத்திலோ பாறைக்குப் பாறை கடற்கரை மாறும். எங்களுக்குப் பாறையே கிடையாது. இங்கே கடற்கரையைப் பிரித்து வைப்பது ஆற்றுவாய்தான்.

அந்த மணல் கொண்டுவந்ததும் ஆறுதான். இப்போது வரத்து குறைந்துவிட்டது. புளியைக் கரைத்து அப்படியே வைத்தால் மண்டி அடியில் தங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும் இல்லையா? 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணை காவிரிக்கு அப்படி ஒரு கிண்ணம். ஆற்று மணலின் பெரும்பங்கு அங்கேயே படிந்துவிடுகிறது. வழியில் லாரி ஏறிப் போவது வேறு கணக்கு. கடைமடைக்கு வருவது தெளிந்த நீர், அதுவும் வந்தால்.

வந்து சேர்ந்த மணலும் ஓரிடத்தில் இருப்பதில்லை. முறத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துத் தட்டினால் அரிசி குதித்துக் குதித்து ஒரு பக்கமாக நகரும். அலை கரைக்குச் சாய்ந்து வரும்போது மணல்துகள் சாய்வாக மேலேறி, நேராகக் கீழிறங்கி, ஒவ்வோர் அலைக்கும் ஒரு சாண் பக்கவாட்டில் போய்விடும். தென்மேற்குப் பருவத்தில் அலை தெற்கிலிருந்து தட்டும். மணல் வடக்கே போகும். வாடைக்காலத்தில் வடகிழக்கிலிருந்து தட்டும். மணல் தெற்கே திரும்பும். கடலோரத்துக்காரர்கள் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். வலையை எந்தப் பக்கம் விடலாம் என்று முடிவு செய்வதே அந்த நீவாடு பார்த்துத்தான்.

முறத்தின் நடுவில் ஒரு கரண்டியைக் குறுக்கே வைத்துவிட்டுத் தட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் அரிசி குவியும், மறுபக்கம் முறம் பல்லிளிக்கும். சென்னைத் துறைமுகத்தின் கல்கரை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கடலுக்குள் நீண்டதும் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் கரைந்தது. புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் துறைமுகம் வந்தபின் நகரக் கடற்கரை மணலே இல்லாமல் கருங்கல் குவியலானது. 2018-ல் கடலுக்கடியில் ஆப்பு வடிவ எஃகு அமைப்பு ஒன்றை இறக்கிய பிறகுதான் கொஞ்சம் மணல் திரும்பிவந்து, ஒரு தலைமுறை மணலே பார்க்காத ஊர்ப்பிள்ளைகள் அதில் கால் வைத்தார்கள். காரைக்காலிலும் முகத்துவாரத்தில் கல்கரை உண்டு. தெற்கே கீழவாஞ்சூரில் 2009 முதல் துறைமுகம் உண்டு. ஆகவே எங்கள் கரையில் எங்கே நின்றாலும் பக்கத்துக் கரண்டி எது என்று பார்த்துக்கொள்வது நல்லது. மணல் குவிகிற பக்கம் அகலமான கரை கிடைக்கும். மறுபக்கம் கல்லும் திடீர்ப் பள்ளமும்.

கடலின் நிறத்தைப் பற்றிக் கேட்காத விருந்தாளி இல்லை. “படத்துல பாக்குற நீலம் ஏன் இங்க இல்ல?” டெல்டாவின் கடலில் வண்டல் உண்டு, நீலம் குறைவு. ஆற்றுநீரில் மிதந்துவரும் களித்துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாகவே வரும். உப்புநீரைத் தொட்டதும் அந்த விலகல் போய்விடுகிறது. காய்ச்சிய பாலில் எலுமிச்சை பிழிந்தது மாதிரி திரிந்து, திரிதிரியாய்ச் சேர்ந்து, முகத்துவாரத்தை ஒட்டியே படியும். அலை அதைக் கலக்கிக்கொண்டே இருக்கும். அதனால் ஐப்பசி முதல் மார்கழி வரை கடல் தேநீர் நிறம். தை கழிந்து ஆறுகள் அடங்கினால் தெளியத் தொடங்கும். ஆற்றுவாயிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி நின்றாலே நிறம் மாறுவதைப் பார்க்கலாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். மழைக்காலத்து முதல் பெருமழை முடிந்த மறுநாள் முகத்துவாரத்தில் குளிக்காதீர்கள். அரிசி களைந்த முதல் தண்ணீரை யாரும் உலையில் வைப்பதில்லை, மாட்டுத் தொட்டிக்குத்தான் போகும். கோடை முழுவதும் சாக்கடையிலும் வாய்க்காலிலும் கிடந்ததெல்லாம் அந்த முதல் வெள்ளத்தில்தான் கடலுக்கு வருகிறது.

காற்று எளிது. வெறும் வாணலியையும் நீர் நிறைந்த குண்டானையும் இரண்டு அடுப்பில் ஒரே தீயில் வையுங்கள். வாணலி சீக்கிரம் பழுக்கும், குண்டான் மெதுவாகத்தான் சூடேறும். நிலம் வாணலி, கடல் குண்டான். நிலத்தின் மேல் காற்று சுட்டு மேலெழும்ப, அந்த இடத்தைப் பிடிக்கக் கடற்காற்று உள்ளே வரும். கத்திரி வெயிலில் ஊரைக் காப்பாற்றுவது இதுதான். ஆனால் ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிறபோது அது கடற்காற்றை வாசலிலேயே நிறுத்திவிடும். பிற்பகல் வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே விடும், சில நாள் விடவே விடாது. மாங்கனித் திருவிழாவுக்கு ஆனி மாதம் காரைக்கால் அம்மையார் கோயிலுக்கு வருபவர்கள், இறைத்த மாம்பழத்தைப் பிடித்த கையோடு மதியம் மூன்று மணிக்குக் கடற்கரைக்கு ஓடுவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். வறுபட்டுத் திரும்புவார்கள்.

வறுபடுவது என்று சும்மா சொல்லவில்லை. கடற்கரையில் தள்ளுவண்டிக்காரர் கடலையை எதில் வறுக்கிறார் பாருங்கள். மணலில். மணல் சூட்டை வாங்கினால் சுற்றியுள்ள எல்லாவற்றுக்கும் சமமாகக் கொடுக்கும் என்பதால்தான். அவருடைய இருப்புச் சட்டியில் நடப்பது மதியம் உங்கள் உள்ளங்காலில் நடக்கும். கருமணல் பட்டை இன்னும் மோசம். காலை ஆறு முதல் எட்டு, மாலை நாலரைக்கு மேல். மற்ற நேரம் வண்டிக்காரருடையது.

தரங்கம்பாடியைப் பற்றி ஒரு வார்த்தை. 1620-ல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டத் தொடங்கிய ஊர், பார்க்க வேண்டிய ஊர், சந்தேகமே இல்லை. மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோனதையும், மிச்சத்தைக் காக்கக் கல் அடுக்கியிருப்பதையும் பார்த்தால் முறத்துக் கணக்கு நன்றாகப் புரியும். ஆனால் “ஓசோன் நிறைந்த காற்று” என்று சுற்றுலாக் கையேடுகள் பல காலமாக அங்கே அனுப்பிவைக்கின்றனவே, அது சரியல்ல. தரையோரத்து ஓசோன் நெஞ்சுக்குக் கெடுதல். கடல்வாசனை என்று நாம் மூச்சை இழுப்பதில் பெரும்பங்கு கடல்நுண்ணுயிர்களிலிருந்து வரும் டைமெத்தில் சல்பைடு என்கிற வாயு. முட்டைக்கோஸ் வேகும்போது அடுப்படியில் பரவுகிற வாசனையில் இருப்பதும் அதுவே. கையேடு எழுதுபவர்கள் “முட்டைக்கோஸ் மணக்கும் கடற்கரை” என்று எழுதமாட்டார்கள்தான்.

கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற மீனவ ஊர்களின் கரையில் கூட்டமும் கடையும் இருக்காது. போகலாம், ஆனால் அது அவர்களுடைய வேலையிடம். வலை காயும் இடத்தில் மிதிக்காமல், படகு இறங்கும் தடத்தில் பாய் விரிக்காமல் இருக்கத் தெரிய வேண்டும். கேட்டால் கடலின் குணத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் பெரிய மீனை எதிர்பார்த்து வரவேண்டாம், நாட்டுப்படகு கொண்டுவரும் மீன்தான். 2004 டிசம்பர் 26 காலை சுனாமியில் இந்த ஊர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு அடுப்படியில் உவமை தேட எனக்கு மனம் வரவில்லை. கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க இறங்காமல் ஊர்ப்பக்கம் ஓட வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு ஒரு தடவை சொல்லிவைத்தால் போதும்.

மாதக் கணக்குக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடல் கொதிக்கிற பால். எப்போது பொங்கும் என்று தெரியாது. 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்காலை ஒட்டித்தான் கரை கடந்தது. 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம். வாடைக்காலத்தின் நெருக்கமான முரட்டு அலை கரை மணலை வழித்து, நீருக்கடியில் திட்டாகப் போட்டுவிடும். அந்தத் திட்டில்தான் முன்பு சொன்ன இடுக்குகள் திறக்கும். தை பிறந்து வாடை ஓய்ந்ததும் நிதானமான அலைகள் திட்டிலிருந்து மணலை மெல்ல மெல்லக் கரைக்குத் திருப்பும், வாணலி ஓரத்தில் ஒட்டியதைக் கரண்டியால் நடுவே வழிப்பது மாதிரி. மாசி, பங்குனிக்குள் கரை மறுபடி அகன்று, தண்ணீர் தெளிந்து, கச்சானும் இன்னும் தொடங்காமல் இருக்கும். வருடத்தில் சமையல் சரியான பதத்தில் இருக்கும் நாட்கள் அவை. தை முதல் பங்குனி வரை ராத்திரியில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுவதும் இந்தப் பக்கத்தில்தான்.

மச்சானிடம் இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் பெரியம்மா சோற்றை இறக்கி வைத்துவிட்டு முகம் கழுவி வந்துவிட்டார். அன்று மாசிமகம். திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிற நாள். பெருமாள் மணந்த பத்மினி நாச்சியார் மீனவ குலத்துப் பெண் என்பது இங்குள்ள வழக்கு. அதனால் பட்டினச்சேரிக்காரர்களுக்கு அவர் மாப்பிள்ளை. பல்லக்கைத் தோள்மாற்றிச் சுமந்துகொண்டு “மாப்பிள்ளை, மாப்பிள்ளை” என்றே கூவிக்கொண்டு வருவார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பல்லக்கு மணலில் இறங்கியிருந்தது. கரை அகலமாக, வெளுப்பாகக் கிடந்தது. அலை தூரத்திலேயே உடைந்து நுரையாய் வந்தது. மச்சான் செல்போனை எடுத்து இந்த இடத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று தேடினார். பட்டியலில் இல்லை.

“எங்க ஊட்டு மாப்ள வருசா வருசம் மாசியிலதான் வராரு,” என்று பெரியம்மா பல்லக்கைக் காட்டினார். “ஐப்பசியில கூப்ட்டா அவரும் வரமாட்டாரு.” பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நுரை எங்கே போகிறது என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஆற்றுவாய்க்கு எதிர்ப்பக்கமாக நடக்கத் தொடங்கினார். நாங்களும் பின்னால் போனோம்.